நான்காவது சிங்கம்

ஊர் நடுவே, பஞ்ச காலத்தில் கட்டிய நீரூற்று. நான்கு கல் சிங்கங்களின் வாயிலிருந்தும் தண்ணீர் விழுகிறது. தலைமுறை தலைமுறையாகக் குனிந்து குடித்தவர்கள் கை ஊன்றி ஊன்றி, ஒவ்வொரு தலையிலும் ஒரு பள்ளம் வழவழவென்று மின்னுகிறது. கல்தச்சன் பழுது பார்த்து, போன வாரம் திரும்ப வைத்த நான்காவது சிங்கத்தின் தலையில், சாப்பாட்டுக் கூடையோடு வந்த அவன் மனைவி கை வைக்கிறாள். பள்ளம் இருக்கிறது, உள்ளங்கையில்தான் சொரசொரவென்று உறுத்துகிறது. "இது பழைய சிங்கந்தானா?" "அதேதான். கழுவி வெச்சிருக்கேன், அவ்வளவுதான்," என்று உளியைத் துடைத்துக்கொண்டே சொல்கிறான் கணவன். அவள் முகத்தை அவன் பார்க்கவில்லை. அப்போது ஒரு பூனை விளிம்பில் ஏறி, தண்ணீரைச் சீண்டாமல், சிங்கத்தின் கன்னத்தை நக்குகிறது. நக்கிய இடத்தில் மேல்பூச்சு போய், கல் வெள்ளை வெளேரென்று தெரிகிறது. புதுக் கல்லில் தயிர் பூசினால் சீக்கிரம் பாசி பிடித்துப் பழசு மாதிரி ஆகிவிடும் என்று, கல்யாணமான புதிதில் பீற்றிக்கொண்டவன் இவன்தான். தயிர் வாடையே ஆகாதவன், ஒரு வாரமாகச் சாப்பாட்டோடு தயிர் கேட்கிறான். அவள் கூடையைப் பிரிக்கிறாள். சாப்பாட்டை அவன் முன்னால் வைக்கிறாள். தயிர்க் கிண்ணத்தைச் சிங்கத்தின் காலடியில் வைக்கிறாள். "இது இவருக்குத்தானே? அப்ப பழையவர் இப்ப யார் வீட்டு வாசல்ல உக்காந்திருக்கார்?"