எந்தச் சாமிக்கு மொட்டை?

மொட்டை போட எஸ்தர் மறுபடியும் வீட்டுக்குக் கூப்பிட்டது ஏன் என்று முடிதிருத்தும் ஏகாம்பரத்துக்கு விளங்கவில்லை.

"போன மாசம்தானேம்மா போட்டேன்? எந்தச் சாமிக்கு வேண்டுதல்?"

"நாங்க சர்ச்சுக்குப் போறவங்கப்பா. இது கேன்சர் வார்டுக்குப் போறதுக்கு."

கோயில் வாசலில் ஊர்த் தலையெல்லாம் மழித்த கை, அவள் தலையில் கத்தியை மெதுவாக ஓட்டியது.

"சீக்கிரம் கொணமாயிடும்மா."

"எனக்குக் கொணமாயி நாலு வருஷம் ஆவுது."

"அப்புறம் எதுக்கும்மா இது?"

"இந்த நோவை எனக்கு ஏன் குடுத்தீர்னு கர்த்தர்கிட்ட சண்டையே போட்டிருக்கேன். இப்பத்தான் புரியுது. வார்டுல முடி கொட்டி அழுவுறவங்களுக்குத் தைரியம் சொல்லிக்கினு இருக்கேன். முடியோட போனா, 'உனக்கென்னா தெரியும்'னு திரும்பிப் படுத்துக்கிறாங்க. காதுகிட்ட கொஞ்சம் நிக்குது பாருப்பா, அதையும் எடுத்துடு."