கிரந்திச் சாப்பாடு

நஸீர் கட்டிலை விட்டு இறங்கி, யாரையும் பிடித்துக்கொள்ளாமல் நடந்து இரத்தினம்மாவிடம் வந்தான். கையில் ஆஸ்பத்திரியில் கொடுத்த காலை முட்டை.

அவனுக்கும் அவள் மகன் நிதுர்ஷனுக்கும் ஒரே நாளில்தான் வயிற்றைக் கிழித்துத் தைத்தார்கள். பக்கத்துப் பக்கத்துக் கட்டில்.

இன்று நஸீர் ஓட்டமாவடிக்கு, வீட்டுக்குப் போகிறான். நிதுர்ஷனுக்கோ தையல் விட்டுப் புண் பிளந்து கிடந்தது.

ஏன் ஆறவில்லை என்று டொக்டருக்கே பிடிபடவில்லை. ஒவ்வொரு வேளையும் தட்டு வழித்துத் துடைத்த மாதிரித்தானே திரும்பிப் போனது!

வழித்தவள் இரத்தினம்மா.

முட்டை கிரந்தி. மீன் கிரந்தி. பச்சைப் புண்ணில் சீழ் வைத்துவிடும். அவள் ஊர் பெரியகல்லாற்றில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த சங்கதி, இந்தப் படித்த நர்ஸ் மிஸ்ஸிமாருக்குத் தெரியவில்லையே என்று தலையில் அடித்துக்கொண்டாள். அவர்களோடு யார் வாதாடுவது? அவர்கள் தலை மறைந்ததும் முட்டையும் மீனும் பக்கத்துக் கட்டிலுக்குப் போய்விடும். நஸீரின் மனைவி கட்டாரில், பார்க்க வர ஆளில்லை, ஆசையாக வாங்கித் தின்றான். அவன் புண் அவன் பாடு.

மகனுக்கு அவள் பருக்கியது தெளிந்த அரிசிக் கஞ்சி மட்டும். அவன் பசி பசி என்று கெஞ்சும்போதெல்லாம் அவளுக்குப் பெற்ற வயிறு பற்றி எரிந்தது. ஆனாலும் மசியவில்லை. பிள்ளை பிழைக்க வேண்டுமே.

"அம்மா, நீங்க தந்த சாப்பாடுதான் என்னை எழுப்பி நடக்க வெச்சது. இதத் தம்பிக்குக் குடுங்க" என்றான் நஸீர்.

அவன் சேர்ட்டைத் தூக்கிக் காட்டினான். தழும்பு காய்ந்து, தோல் பளபளவென்றிருந்தது.

இரத்தினம்மா திரும்பி மகனைப் பார்த்தாள். கன்னம் ஒட்டி, கையும் காலும் ஈர்க்குக் குச்சியாகக் கிடந்தான்.

ஐயோ, நானே என் பிள்ளையை இப்படி ஆக்கிவிட்டேனே!

முட்டையை அவசர அவசரமாகப் பிய்த்து அவன் உதட்டருகே கொண்டுபோனாள்.

"தின்னு மனே."

நிதுர்ஷன் வாயைத் திறந்தான்.

தள்ளுவண்டியோடு வந்த மிஸ்ஸி பாய்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். தையல் விட்டுப்போன புண்ணை மறுபடி தைக்க ஒப்பரேஷன் தியேட்டருக்குப் போகிற பிள்ளை, பச்சைத் தண்ணீர்கூட வாயில் படக்கூடாது.

அவனைத் தள்ளிக்கொண்டு போகும்போதும் அந்த வாய் மூடவில்லை.