மார்கழிக் கோசு

இந்தக் காலத்து மனுஷாளை நம்பவே கூடாது. பட்டணத்துக் கல்யாணத்தில் முட்டைக்கோசைக் கேட்டுக் கேட்டு வாங்கிச் சாப்பிடுவார்கள். சின்னக் காஞ்சிபுரத்தில் என் வீட்டுக்கு வந்தால் ஆசாரம் பேசுவார்கள்.

"நாளைக்கு மட்டும் கோசு வேண்டாம், மாமா" என்றான் தளிகை பண்ண வந்த சமையல்காரப் பராங்குசம்.

"ஏன்டா? திருடியா கொண்டுவந்தேன்?"

ஐப்பசி மழையில் தரையில் நட்ட நாற்றெல்லாம் அழுகிப்போயிற்று. அதனால் கொல்லையில் முழங்கால் உயரத்துக்கு மண்ணைக் கொட்டி மேட்டுப்பாத்தி கட்டினேன். மிச்ச நாற்றைத் தொட்டிகளில் வைத்து, மழை வரும்போதெல்லாம் தாழ்வாரத்துக்குத் தூக்கினேன். எல்லாம் என் பிள்ளை சக்ரவர்த்திக்காக. பட்டணத்தில் படிக்கப் போன இடத்தில் அவனுக்குப் பிடித்துப்போன காய் அது.

"நாளன்னிக்குக் கறியமுது பண்ணித் தரேன், மாமா."

"நாளன்னிக்கு அவன் இருப்பானா? வருஷத்துக்கு ஒரு நாள்தான் வரான். அன்னிக்கும் வாழைக்காயைப் போட்டு அனுப்பச் சொல்றயா?"

என் மனைவி சூடாமணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனாள்.

பராங்குசம் குரலைத் தாழ்த்தினான். "திவசத்து இலையில சீமைக்காய் கூடாது, மாமா. சாஸ்திரம் ஒத்துக்காது."

"பிள்ளைதானேடா அப்பனுக்குத் திவசம் பண்ணணும்? இங்கே அப்பன் பிள்ளைக்குப் பண்றேன். அதை மட்டும் உன் சாஸ்திரம் எப்படிடா ஒத்துண்டது?"

அவன் தலை குனிந்தபடி வாழைக்காயை எடுத்து வைத்தான்.

பறித்து வைத்திருந்த கோசை மடியில் கட்டிக்கொண்டு கொல்லைப்பக்கம் நடந்தேன். அவன் சாஸ்திரம் எனக்கு இன்னும் ஒப்பவில்லை.