ஆள் தேவை

வேற்றாள் கை தன்மேல் படக்கூடாது என்று ஒன்பது வருஷம் பிடிவாதம் பிடித்த சேசுராஜ் படுக்கையில் இருந்தபடியே சொல்லச் சொல்ல, அவர் மனைவி பவுலின் விளம்பரத்தை எழுதினாள். ‘உடல்நலம் குன்றியவரைக் கவனிக்க’ என்று ஆரம்பித்ததை அவர் அடிக்கச் சொன்னார். “எண்பது கிலோவைத் தூக்கி உட்காரவைக்க ஆள் தேவைன்னு போடு. மறைச்சா வந்த அன்னைக்கே ஓடிருவான்.” குளிப்பாட்ட வேண்டும், சவரம் செய்ய வேண்டும், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். தன் ஒன்பது வருஷமும் அரைப் பக்கத்தில் அடங்கிவிட்டதைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு வந்தது. முதுகுவலிக்காகக் கட்டியிருந்த இடுப்பு பெல்ட்டைக் கொஞ்சம் தளர்த்திக்கொண்டாள். “ஞாயித்துக்கிழமை லீவுன்னும் எழுது,” என்றார் அவர், அவள் முகத்தைப் பார்க்காமல். எழுதினாள். “டீ குடுக்கறது?” என்று கேட்டாள். சூடு சரியா என்று முதலில் ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டுத்தான் அவள் அவருக்குப் புகட்டுவாள். “எச்சில் பண்ணிக் குடுக்கணும்னு பேப்பர்ல போட முடியுமா?” என்றார். பவுலின் பேனாவை மூடினாள். “வேண்டாம். அதுக்கு ஆள் இருக்கு.”