கதாநாயகியின் நம்பர்

திரைக்கதை எழுத்தாளர் பூபாலன் இறந்த பிறகும் அவருடைய செல்போனுக்கு மாலைதோறும் அழைப்பு வந்தது. திரையில் 'கதாநாயகி' என்ற பெயர். மனைவி சுலோச்சனா எடுத்தால் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்கும், உடனே வைத்துவிடுவார்கள்.

பொறுக்க முடியாமல் ரயிலேறித் திருத்தணி வந்தவள், கணவரின் பள்ளித் தோழர் சத்தாரின் மெக்கானிக் கடைக்குப் போனாள்.

"யாருண்ணா அவ? தெனமும் மொட்டை மாடியில நின்னுகினு, அவகிட்டதான் மணிக்கணக்கா சிரிச்சுப் பேசுவாரு."

சத்தார் தலைகுனிந்தார். சுலோச்சனாவின் சந்தேகம் வலுத்தது.

"அப்போ உங்களுக்கு அவளைத் தெரியும்!"

"ஆங்... தெரியும் அண்ணி."

சுலோச்சனா ஆத்திரத்தோடு கணவரின் செல்போனை எடுத்து அந்த நம்பரை அழுத்தினாள்.

சத்தாரின் சட்டைப் பையில் மணி அடித்தது.

"எட்டாங்கிளாஸ்ல அவன் எழுதுன மொத நாடகத்துக்குப் பொண்ணு கெடைக்கல. எனக்குப் பொடவை கட்டி வுட்டான். அதுலேர்ந்து அப்படித்தான் கூப்புடுவான். எந்தக் கதையா இருந்தாலும் எங்கிட்டதான் மொதல்ல சொல்லுவான். சாயங்காலமானா கை தானா போன் போட்டுடுது அண்ணி. உங்க கொரலைக் கேட்டா பேச்சு வரமாட்டேங்குது."

சுலோச்சனா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"நாளைக்கும் பண்ணுங்கண்ணா. வெச்சிடாதீங்க. அவரு சொன்ன கதையெல்லாம் எனக்குச் சொல்லுங்க."