விரலிடுக்கு

விரலைப் பிரித்ததும் அவள் காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

"எரியுதுப்பா."

அவன் குனிந்து ஊதினான்.

சுண்டுவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே தோல் வெள்ளையாக ஊறிப்போயிருந்தது. அடியில் சிவப்பு. சேற்றுப்புண்.

அவளும் அம்மாவும் இருக்கும் வேளச்சேரியில் விடாத மழை. ஷூ காயவே இல்லையாம். ஈரத்தோடே பள்ளிக்கூடம் போய் வந்திருக்கிறாள்.

"அம்மாகிட்ட சொல்லலியா?"

"அம்மா பாவம்ப்பா. ஆபீஸ்லேர்ந்து வந்து அப்படியே படுத்துடறாங்க."

ஆதிரைக்கு எட்டு வயது.

சோப்புப் போட்டுக் கழுவினான். பழைய வேட்டியில் ஒரு துண்டு கிழித்து, ஒவ்வொரு இடுக்காக ஒற்றி எடுத்தான். அவள் கூச்சத்தில் நெளிந்து சிரித்தாள். ஓடிப்போய் வாங்கி வந்த களிம்பை மெல்லியதாகத் தடவினான்.

மருந்துக்கடைக்காரர் சொல்லித்தான் கொடுத்திருந்தார். தினமும் போட வேண்டும். ஆறின மாதிரி தெரிந்தாலும் நடுவில் விட்டுவிடக் கூடாது.

தினமும்.

பிரிந்த பிறகு அவனுக்குக் கிடைத்தது ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான்.

சாயங்காலம் கௌசல்யா மகளை அழைத்துப்போக வந்தாள். எப்போதும் போல கேட்டுக்கு வெளியிலேயே நின்றாள். அவன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினான்.

இதைக்கூடக் கவனிக்க மாட்டாயா என்று கேட்க வேண்டும். மதியத்திலிருந்து அந்த வாக்கியம் தொண்டையிலேயே இருந்தது.

அவள் மகளின் காலைப் பார்த்தாள். முகம் சுருங்கிப்போனது.

"மேலாகப் பாத்தா தெரியாது" என்றான் அவன். "விரலைப் பிரிச்சாத்தான் தெரியுது. எனக்கே இப்பதான் தெரிஞ்சுது."

களிம்பை நீட்டினான்.

வாங்கிக்கொண்டு அவனை நிமிர்ந்து பார்த்தாள். அப்படிப் பார்த்து எவ்வளவோ நாளாயிற்று.

மறுநாள் சாயங்காலம் அவன் போனில் ஒரு படம் வந்தது.

ஒரு குட்டிப் பாதம். கௌசல்யாவின் மடியில்.

ஒரு வார்த்தை இல்லை.

'அடுத்த இடுக்கையும் பாரு' என்று அனுப்பினான்.

அடுத்த நாள் அந்த இடுக்கும் வந்தது.

பிறகு தினமும் வந்தது. வெள்ளை வற்றியது. சிவப்பு மங்கியது. ஒரு நாள் கட்டைவிரலில் மருதாணி. ஒரு நாள் படம் முழுக்க ஆட்டம், கூச்சத்தில் உதைத்திருப்பாள். அதை மட்டும் அவன் பலமுறை எடுத்துப் பார்த்தான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவனே தடவினான்.

ஒரு வியாழக்கிழமை, படத்துக்குப் பதிலாக எழுத்து வந்தது.

'முழுசா ஆறிடுச்சு. களிம்பு போதும்னு டாக்டர் சொல்லிட்டாங்க.'

'சந்தோஷம்' என்று அனுப்பினான்.

போனைக் கவிழ்த்து வைத்தான்.

மறுநாள் அதே நேரத்தில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தான். தண்ணீர்ச் சத்தத்துக்கு நடுவே போன் ஒலித்தது.

கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு எடுத்தான்.

பாதம்தான். குழந்தையுடையது இல்லை.

மெட்டி கழற்றிய இடம் இன்னும் லேசாக வெளுத்திருந்தது. சுண்டுவிரலை ஒரு கை பிரித்துப் பிடித்திருந்தது. மருதாணி வைத்த சின்னக் கை.

கீழே ஒரு வரி.

'எனக்கும் ஒட்டிக்கிச்சு.'

அவளிடம் களிம்பு தீர்ந்துபோயிருக்கும்.

குழாயை மூடிவிட்டுச் சட்டையைத் தேடினான்.