அறிவித்தலுக்கு முன் ஒரு மெட்டு

ஐயாவின் மரண அறிவித்தலுக்காகக் காத்திருந்த கமலாசனியின் வலது கால் தாளம் போட்டது.

இடது காலால் அதை மிதித்துப் பிடித்தாள்.

முல்லைத்தீவுச் சந்தியில் இளையதம்பியின் தேநீர்க்கடையில்தான் வானொலி இருந்தது. அறிவித்தல்களுக்கு இன்னும் நேரம் இருக்கிறதாம். அதுவரைக்கும் அயர்லாந்து நாட்டு மெட்டுகளில் அமைந்த வாத்திய இசை என்று சொல்லிவிட்டு அறிவிப்பாளர் போய்விட்டார்.

வானொலிக்கு இழவென்ன, கலியாணமென்ன?

வயலின்கள் பட்டியிலிருந்து திறந்துவிட்ட கன்றுகளாகத் துள்ளின. குழல்கள் பின்னால் துரத்தின. அயர்லாந்து எங்கே கிடக்கிறதோ, அங்கே ஒருவருக்கும் அப்பன் சாவதில்லைப் போலும் என்று அவளுக்கு எரிச்சலாக வந்தது. ஆனாலும் மெட்டு பிடித்திருந்தது. அதுதான் வெட்கம்.

ஐயா நேற்று வடமராட்சியில் கண்ணை மூடிவிட்டார். மீன் லொறிக்காரன் சொல்லித்தான் தெரியும். சிலுவை போட்ட வேதக்காரனோடு, அதுவும் கடலுக்குப் போகிறவனோடு ஓடிப்போனவளுக்கு யார் ஆளனுப்புவார்கள்?

அவள் புருசன் ஞானப்பிரகாசம் வெள்ளைச் சேலை வைத்த பையை மடியில் வைத்திருந்தான். எதிரே யாழ்ப்பாண பஸ் நின்றது.

"மற்றப் பிள்ளையளின்ர பேரோட உன்ர பேரையும் வாசிச்சால் ஏறுவம். இல்லாட்டி வாசல் படலையில வைச்சே துரத்துவாங்கள்."

மெட்டு இன்னும் வேகமெடுத்தது. இவ்வளவு சந்தோசமான ஒன்றுக்குப் பிறகு கெட்டது வராது என்று அவளுக்கு ஒரு பைத்தியக்கார நம்பிக்கை வந்தது. அண்ணன் மனம் இளகியிருப்பான். அம்மா அவளை விட்டுக்கொடுத்திருக்க மாட்டா.

இசை பாதியில் நின்றது.

வடமராட்சியைச் சேர்ந்த வீரகத்தி ஐயாத்துரை காலமானார் என்றது வானொலி. அன்னார் அன்னபாக்கியத்தின் அன்புக் கணவரும், தவராசா, விமலேஸ்வரி...

கமலாசனி வானொலிப் பக்கம் குனிந்தாள்.

...காலஞ்சென்ற கமலாசனி ஆகியோரின் பாசமிகு தந்தையும் ஆவார்.

பையோடு பாதி எழுந்த ஞானப்பிரகாசம் அப்படியே உட்கார்ந்தான்.

பேரை வாசித்துத்தான் இருந்தார்கள். குறை சொல்ல வழியில்லை.

பஸ் புறப்பட்டுப் போனது. அறிவித்தல்கள் முடிந்ததும் மிச்சமிருந்த மெட்டு மறுபடி துள்ளிக்கொண்டு வந்தது. இளையதம்பி அதை நிறுத்தக் கையை நீட்டினார்.

"கிடக்கட்டும், அண்ணை," என்றாள்.

செத்துப்போன கமலாசனியின் கால் தாளம் போட்டது. இந்தமுறை அவள் அதை மிதிக்கவில்லை.